இந்த மாத்திரை எனக்கு இன்னும் வேண்டுமா?

60 வயதைத் தாண்டியவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களும் இதய மாத்திரைகள் பற்றி எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் எங்கள் மருத்துவர் குழு பதில் தருகிறது. பல கடிதங்களின் சாரம் ஒன்றுதான்: "இதை நிறுத்தலாமா?" இதற்கு எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. ஒரே மாத்திரை உங்களுக்கு உயிர்க்காப்பாகவும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வீண் ஆபத்தாகவும் இருக்கலாம். எதற்காக அதை ஆரம்பித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பதில்களைப் படித்துவிட்டு நாளைக் காலையே எதையும் நிறுத்திவிடாதீர்கள். கேள்வியை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எனக்கு 72 வயது. மாரடைப்பு வந்ததில்லை. பல வருடங்களுக்கு முன் மாஸ்டர் செக்கப் செய்தபோது, "சுகர் எல்லைக்கோட்டில் இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க இதையும் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஆஸ்பிரின் 75 கொடுத்தார்கள். இன்றுவரை விடாமல் சாப்பிடுகிறேன். இப்போது மூக்கில் அடிக்கடி ரத்தம் வருகிறது. – வாசகர், மன்னார்குடி

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ், பக்கவாதம், சில நிமிடங்களில் தானாகச் சரியான வாய்க்கோணல் அல்லது கை மரப்பு, கால் ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவற்றில் ஏதாவது உங்களுக்கு எப்போதாவது வந்ததா? ஒன்று வந்திருந்தாலும் ஆஸ்பிரின் உங்களுக்கு சிகிச்சை, அதைத் தொடர வேண்டும். எதுவுமே இல்லையென்றால் நீங்கள் சாப்பிடுவது வருமுன் காப்புக்காக மட்டுமே. அந்தக் கணக்குதான் இப்போது மாறியிருக்கிறது.

இதய நோய் இல்லாத 19,114 மூத்தவர்களை வைத்து ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வின் முடிவு 2018-ல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் 70 வயதைக் கடந்தவர்கள். ஒரு பாதிப் பேருக்குத் தினம் 100 மி.கி. ஆஸ்பிரின், மறு பாதிக்குப் பார்வைக்கு அதே மாதிரியான வெற்று மாத்திரை. ஏறத்தாழ ஐந்து ஆண்டு கவனித்ததில் மாரடைப்பும் பக்கவாதமும் சொல்லும்படியாகக் குறையவில்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் 1000 பேருக்கு 28 என்பதிலிருந்து 38 ஆக ஏறியது. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழுவும் 2022-ல், இதய நோய் இல்லாதவர்களுக்கு 60 வயதுக்கு மேல் ஆஸ்பிரினைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உங்களுக்கு எழுதிக்கொடுத்தவர் அன்றைய வழக்கப்படிதான் செய்தார். அதன் பிறகு அந்தச் சீட்டை யாரும் திரும்பப் பார்க்காததுதான் பிரச்சினை.

'உறை போட்ட மாத்திரைதானே, வயிற்றை ஒன்றும் செய்யாதே' என்று பலர் நம்புகிறார்கள். உறை எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கலாம், ரத்தக்கசிவைத் தடுக்காது. ஆஸ்பிரின் ரத்தத்தில் கலந்த பிறகும் இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தைப் பலவீனமாக்கும், ரத்தத் தட்டணுக்களையும் செயலிழக்க வைக்கும். ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். அது முடிகிறவரை அந்தத் தட்டணு மீண்டும் வேலை செய்யாது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பி.பி.யும் ஹீமோகுளோபினும் பாருங்கள். மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா என்று கவனியுங்கள். போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவரிடம் "எனக்கு அடைப்போ பக்கவாதமோ இல்லை. ஆஸ்பிரின் இன்னும் வேண்டுமா?" என்று நேராகக் கேளுங்கள். உங்களைப் போன்றவருக்குப் பெரும்பாலும் நிறுத்தவே சொல்வார்கள். இதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று: ஆஸ்பிரின் வேறு பெயர்களிலும் ஒளிந்திருக்கும். பெயருக்குப் பின்னால் 'ஏ.வி.' என்றிருந்தால் பெரும்பாலும் ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மருந்தான அட்டோர்வாஸ்டாட்டினும் சேர்ந்த கேப்ஸ்யூல். 'கோல்டு' என்றிருந்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோப்பிடோக்ரெலும் அநேகமாகக் கூட இருக்கும். தலைவலிக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் டிஸ்பிரினும் ஆஸ்பிரின்தான்.

கேள்வி: என் கணவருக்கு 66 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம் ஆகிறது. நன்றாக நடக்கிறார். கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும் என்பதால் "இரண்டு ரத்த மாத்திரையையும் ஒரு வாரம் விட்டுவிடுகிறேன்" என்கிறார். – வாசகி, விருதுநகர்

விடக் கூடாது. ஸ்டென்ட் என்பது உலோக வலை. அதன்மேல் ரத்தக்குழாயின் உள்தோல் வளர்ந்து மூடுகிறவரை ரத்தம் அதை அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும். ஆஸ்பிரினையும் உடன் இருக்கும் குளோப்பிடோக்ரெல் அல்லது டிக்காக்ரெலாரையும் சேர்த்து நிறுத்தினால் வலைக்குள் ரத்தம் திடீரென உறைந்து குழாய் முழுவதும் அடைபடலாம். அந்த மாரடைப்பு முதலில் வந்ததைவிட மோசமாக இருக்கும். மாரடைப்புக்காக வைத்த ஸ்டென்ட் என்றால் வழக்கமாக 12 மாதம் இரண்டு மருந்தும், அதன்பின் ஒன்று. ரத்தக்கசிவு அபாயம் அதிகமுள்ளவர்களுக்குக் காலத்தைக் குறைப்பதுண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் ஸ்டென்ட் வைத்த மருத்துவர்தான்.

ஒரு பல்லைப் பிடுங்க இந்த மாத்திரைகளை நிறுத்தத் தேவையே இல்லை. காலையிலேயே போகச் சொல்லுங்கள். ரத்தம் கசிந்தால் பகலிலேயே திரும்பிப் போய்ப் பார்க்கலாம். ஸ்டென்ட் விவரச் சீட்டைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிடுங்கிய இடத்தில் பஞ்சை வைத்து அரை மணி நேரம் விடாமல் கடித்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் ஒரு தையல் போடுவார்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம். ரத்தக்கசிவைக் கூட்டும். ஆஸ்பிரினுக்கு முன்னால் சாப்பிட்டால் ஐபுபுரூஃபன் அதன் வேலையையும் கெடுக்கும்.

அவர் சாப்பிடும் அல்சர் மாத்திரையின் பெயரையும் பாருங்கள். ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் இரண்டும் குளோப்பிடோக்ரெலின் வீரியத்தைக் குறைக்கக்கூடியவை. பேன்டோப்ரசோலுக்கு மாற்றித் தரச் சொல்லலாம்.

கேள்வி: வயது 69. இரண்டு வருடத்துக்கு முன் பைபாஸ் ஆயிற்று. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து தொடையெல்லாம் வலி. 'கொலஸ்ட்ரால் என்பதே மருந்துக் கம்பெனிக்காரர்கள் கட்டிவிட்ட கதை' என்று வாட்ஸ்ஆப்பில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். வலி குறைந்த மாதிரிதான் இருக்கிறது. – வாசகர், பொள்ளாச்சி

உங்கள் வலி நிஜம். அதை யாரும் மறுக்கக் கூடாது. வலிக்குக் காரணம் மாத்திரைதானா என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிரிட்டனில் 2020-ல் வெளியான சாம்சன் ஆய்வு உங்களைப் போன்றவர்களுக்காகவே நடந்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையை விட்ட 60 பேருக்கு நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் வெற்று மாத்திரை, நான்கு மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் எது ஸ்டாட்டின், எது வெற்று மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் தங்கள் தொல்லைக்கு மதிப்பெண் போட்டார்கள். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களிலும் 15.4! தொல்லையின் பெரும்பகுதி 'மாத்திரை சாப்பிடுகிறோம்' என்ற எண்ணத்தோடு சேர்ந்து வந்திருக்கிறது. தங்கள் மதிப்பெண்ணைப் பார்த்தபின் அவர்களில் பாதிப்பேர் மீண்டும் ஸ்டாட்டின் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அதற்காக ஸ்டாட்டினால் தசைவலியே வராது என்று சொல்லவில்லை. மருந்தால் வரும் வலி பொதுவாக இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில் வரும். மருந்து ஆரம்பித்த அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் தொடங்கும். ஒரு முழங்காலில் மட்டும் வலி என்றால் அநேகமாக அது தேய்மானம். சி.கே. என்ற தசை நொதி, தைராய்டு, வைட்டமின் டி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டு குறைவாக இருந்தால் அதுவே தசைவலி தரும், கொலஸ்ட்ராலையும் ஏற்றும். சளிக்கு கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எடுத்த சமயத்தில்தான் வலி தொடங்கியதா என்றும் யோசியுங்கள். அது அட்டோர்வாஸ்டாட்டின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். தசைவலியோடு சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அபூர்வமாக வருவது, ஆனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

சி.கே. சரியாக இருந்தால் மருத்துவர் செய்யக்கூடியது பல: சில வாரம் இடைவெளி விட்டு வேறு ஸ்டாட்டினைக் குறைந்த அளவில் தொடங்கலாம். ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி.யை ஒன்றுவிட்டு ஒரு நாள் தரலாம். வேறு வகைக் கொலஸ்ட்ரால் மருந்தான எஸெட்டிமைப் 10 மி.கி. சேர்க்கலாம். பைபாஸ் ஆனவருக்கு இது கட்டாயம் தேவைப்படும் மருந்து. ஒட்டவைத்த ரத்தக்குழாய்களும் அடைபடும் என்பதை மறக்காதீர்கள். அந்த வீடியோவை எடுத்தவர் உங்கள் ஆஞ்சியோகிராமைப் பார்த்ததில்லை.

இதே கேள்வியை 78 வயதான, இதுவரை இதய நோயே வராத ஒருவர் கேட்டிருந்தால் எங்கள் பதில் வேறாக இருந்திருக்கும். 75-க்கு மேல், நோய் வராதவர்களிடம் ஸ்டாட்டினுக்கான ஆதாரம் மெலிதாகவே இருக்கிறது. அங்கே சேர்ந்து பேசி முடிவெடுக்கலாம். வேண்டாம் என்பவரை வற்புறுத்த மாட்டோம்.

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது. பி.பி.க்கு மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை. கால் வீங்கியதால் நீர் மாத்திரை சேர்த்தார்கள். அதனால் இரவில் பலமுறை எழுந்திருக்கிறார், பிராஸ்டேட் மாத்திரையும் வந்தது. போன மாதம் பாத்ரூமில் விழுந்துவிட்டார். எதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது? – வாசகி, திருநெல்வேலி

நீங்கள் எழுதிய வரிசையிலேயே பதில் இருக்கிறது. மூத்தவர்களிடம் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் சங்கிலி இது. கூட்டு மாத்திரையில் ஆம்லோடிபின் இருந்தால் அது கால் வீக்கத்தை உண்டாக்கும். சிறு தமனிகளை விரிப்பதால் கணுக்காலில் நீர் கசிகிறது, உடம்பில் நீர் கூடுவதால் அல்ல. ஆகவே ஃப்ரூஸமைடு போன்ற நீர் மாத்திரை அந்த வீக்கத்துக்குச் சரியான மருந்தே அல்ல. ஆனால் சிறுநீரைக் கூட்டும், சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இறக்கும். இரவில் அடிக்கடி எழுவதைப் பிராஸ்டேட் தொல்லை என்று கருதி டாம்சுலோசின் சேர்த்தால், அது எழுந்து நிற்கும்போது பி.பி.யை இன்னும் கீழே தள்ளும். விழுகிறார். இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் அதுவே பெரிய நோய்.

முதலில் வீட்டிலேயே பி.பி.யை நிற்க வைத்துப் பாருங்கள். மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி போதும். பட்டையின் அளவு அவர் கைக்குப் பொருந்த வேண்டும். சிறிய பட்டை பி.பி.யைக் கூட்டிக் காட்டும். காபி குடித்தோ நடந்தோ வந்து அரை மணி ஆகியிருக்கட்டும், சிறுநீர் கழித்திருக்கட்டும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது நிலைமாற்றத் தாழ்பி.பி. காலை மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் ஒரு வாரம் எழுதி வைத்து அந்தக் காகிதத்தை மருத்துவரிடம் கொடுங்கள். கிளினிக்கில் உட்கார வைத்து எடுத்த 150-ஐ மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டியிருந்தால் இந்தக் காகிதம்தான் அதை மாற்றும்.

சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றும் இந்த வாரமே பாருங்கள். கூட்டு மாத்திரையின் பெயரில் 'எச்' இருந்தால் ஹைட்ரோகுளோரோதயசைடு, 'சி.டி.' இருந்தால் குளோர்தாலிடோன், 'ஏ.எம்.' இருந்தால் ஆம்லோடிபின். நீர் மாத்திரை வகையான முதல் இரண்டும் மூத்தவர்களுக்குச் சோடியத்தை 130-க்குக் கீழேகூட இறக்கக்கூடியவை. 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய அளவு அது. தள்ளாட்டம், மறதி, குழப்பம் என்று வரும்போது 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறோம். பாதி நேரம் காரணம் மாத்திரை அட்டையில் இருக்கிறது.

கேட்க வேண்டியவை: ஆம்லோடிபின் அளவைக் குறைக்கலாமா? வீக்கத்துக்காகச் சேர்த்த நீர் மாத்திரையை எடுத்துவிடலாமா? மூன்று மருந்தை ஒன்றாக அடைத்த மாத்திரைக்குப் பதில் தனித்தனியாகத் தந்தால் ஒன்றை மட்டும் குறைப்பது எளிதாயிற்றே? ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் கை வைக்கக் கூடாது. ஒன்றைக் குறைத்து இரண்டு வாரம் பார்த்து அடுத்தது. அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு இருந்து அதற்காக நீர் மாத்திரை தந்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. எக்கோ ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பி.பி. மருந்தே வேண்டாம் என்ற முடிவுக்கும் போய்விடாதீர்கள். 80 வயதைத் தாண்டியவர்களிடம் மட்டுமே நடந்த ஹைவெட் ஆய்வில் (2008), 150/80-ஐ இலக்காக வைத்துக் கொடுத்த சிகிச்சையே உயிரிழப்பையும் இதயச் செயலிழப்பையும் குறைத்தது. அப்பாவுக்கு மருந்தே தேவையில்லை என்று சொல்ல முடியாது. அவர் விழாத அளவில் தேவை.

கேள்வி: ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பு. மெட்டோப்ரோலால் 50 சாப்பிடுகிறேன். "பீட்டா பிளாக்கர் இனித் தேவையில்லையாம்" என்கிறான் வெளிநாட்டில் படிக்கும் பேரன். நிஜமா? – வாசகர், காரைக்குடி

பேரன் படித்தது சரி, பாதி. உங்கள் மெட்டோப்ரோலால், இதயத்துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துதான். ஸ்வீடன், எஸ்டோனியா, நியூஸிலாந்தில் 5,020 பேரிடம் நடந்த ரெட்யூஸ் ஆய்வில் (2024), மாரடைப்புக்குப் பிறகும் இதயத்தின் பம்ப் அளவு (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 50 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு பீட்டா பிளாக்கரால் கூடுதல் பலன் தெரியவில்லை. 2025-ல் வந்த ரீபூட் ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது. ஆனால் அதே ஆண்டு டென்மார்க்கிலும் நார்வேயிலும் நடந்த இன்னொன்றில் சிறு பலன் தெரிந்தது. இவை மருந்தை ஆரம்பிக்கலாமா என்று கேட்ட ஆய்வுகள். உங்களைப் போல ஏற்கெனவே வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களை நிறுத்த வைத்துப் பார்த்தது பிரான்சின் அபிஸ் ஆய்வு (2024). நிறுத்தியவர்கள் இதயக் காரணங்களுக்காக மருத்துவமனையில் சேர்வது கொஞ்சம் கூடியது. வாழ்க்கை சுகப்பட்டதாகவும் இல்லை.

ஆகவே உங்கள் எக்கோவில் பம்ப் அளவு எவ்வளவு, நெஞ்சுவலி உண்டா, படபடப்பு உண்டா, இந்த மருந்தால் நாடித்துடிப்பு 50-க்குக் கீழே போகிறதா, களைப்பு படுத்துகிறதா என்பதை வைத்துத்தான் முடிவு. 40-க்குக் கீழ் என்றால் நிறுத்தும் பேச்சே கிடையாது. நிறுத்துவதென்று மருத்துவர் சொன்னாலும் ஒரே நாளில் அல்ல, இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாக. திடீரென விட்டால் இதயம் கடிவாளம் அறுந்த குதிரையாக ஓடும், நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம். ஊருக்குப் போகும்போது இந்த மாத்திரையை மறந்து வைத்துவிட்டுப் போவதும் இதே ஆபத்துதான்.

கேள்வி: எனக்கு இதயம் வீங்கி பம்ப் அளவு 28 ஆக இருந்தது. மருந்து சாப்பிட்டு இப்போது 54. குணமாகிவிட்டது என்று எல்லாவற்றையும் நிறுத்தலாமா? – வாசகி, சேலம்

நிறுத்தாதீர்கள். லண்டனில் இப்படி மீண்டவர்களிடம் மருந்தைக் கண்காணிப்போடு குறைத்து நிறுத்திப் பார்த்தார்கள். 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. உங்கள் 54 மருந்தோடு சேர்ந்த 54. தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் எடை பார்த்து எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். அன்றே மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 82 வயது, 46 கிலோ. இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று, ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்ஸபான் 2.5 காலை, இரவு கொடுத்திருக்கிறார்கள். "கீழே விழுந்தால் மூளையில் ரத்தம் கசியும், ஆஸ்பிரின் போதும்" என்கிறார் உறவினர். – வாசகர், ஈரோடு

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் இந்தத் துடிப்புக் கோளாறில் இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போகும். அதைத் தடுக்க ஆஸ்பிரின் போதாது. 75 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பிரிட்டனில் நடந்த பாஃப்டா ஆய்வில் (2007), ரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய மருந்தான வார்ஃபரின் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் ஆஸ்பிரின்காரர்களைவிடப் பாதியாகக் குறைந்தது. பெரிய ரத்தக்கசிவு இரு பக்கமும் ஏறக்குறைய சமம். விழும் பயத்துக்கு மருந்தை நிறுத்துவதைவிட விழாமல் பார்ப்பதுதான் வழி: பாத்ரூமில் கைப்பிடி, இரவில் சின்ன விளக்கு, தடுக்கும் மிதியடியை எடுத்துவிடுவது, கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சை.

அளவும் சரி. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் 2.5 மி.கி. இரண்டு வேளை. இல்லையென்றால் 5 மி.கி. வயதானவர் என்பதற்காக மட்டும் பாதி அளவு கொடுப்பது தவறு. ரத்தக்கசிவு பயம் போகாது, பாதுகாப்பு மட்டும் போய்விடும். ஒரு வேளை தவறினாலும் காவல் இல்லாத மணிநேரங்கள் வந்துவிடும் என்பதால் இரவு மாத்திரையை யாராவது பார்த்துக் கொடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை நம் ஊருக்கு மிகவும் தேவையானது. வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களும் உலோக வால்வு வைத்தவர்களும் அபிக்ஸபான் போன்ற புது மருந்துகளுக்கு மாறக் கூடாது. அவர்களுக்கு வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் வகைதான், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையோடு. வார்ஃபரின் வகை சாப்பிடுகிறவர்கள் கீரையை அறவே விட வேண்டியதில்லை. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதை மாற்றாமல் சாப்பிடுங்கள்.

கேள்வி: பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர் காய்ச்சித் தேனில் கலந்து குடித்தால் அடைப்பு கரையுமா? – வாசகி, வேலூர்

கரையாது. அடைப்பு என்பது குழாயின் உள்ளே படிந்த எண்ணெய்ப் பிசுக்கு அல்ல. குழாய்ச் சுவருக்குள் கொழுப்பும் சுண்ணாம்பும் நாரும் சேர்ந்து இறுகியது. வயிற்றுக்குள் போகும் புளிப்பு அங்கே எட்டாது. சமையலில் பூண்டு நல்லது. ரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் பூண்டுச் சாற்றை டம்ளர் கணக்கில் குடிப்பது நல்லதல்ல. மருதம்பட்டைக் கஷாயம் குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், இருக்கும் மாத்திரைக்குப் பதிலாகவும் குடிக்காதீர்கள்.

கேள்வி: பி.பி.க்கு 'லோ சோடியம் உப்பு' வாங்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

சிறுநீரகம் நன்றாக இருந்தால் வாங்கலாம். சீனக் கிராமங்களில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது (2021). ஆனால் கிரியேட்டினின் கூடியவர்கள், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவர்கள் தொடவே கூடாது. பி.பி. மருந்துகளான டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் சாப்பிடுபவர்கள் ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தபின்தான். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடலாம். எந்த உப்பானாலும் ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் இவற்றில் இருப்பதையும் சேர்த்து.

கேள்வி: வயிற்றுப்போக்கு வந்த நாளிலும் எல்லா மாத்திரையும் போடணுமா? – வாசகர், கடலூர்

நல்ல கேள்வி. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் வகையும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் ஓரிரு நாளில் செயலிழக்கலாம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் இரண்டுக்கும் தனி ஆபத்துகள் உண்டு. வாந்தி, பேதியால் சாப்பிடவோ குடிக்கவோ முடியாத நாளில் இவற்றில் எதை நிறுத்துவது என்று நோய் வருமுன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த ஒன்றிரண்டு நாளில் திரும்பத் தொடங்குவார்கள். ஸ்டென்ட் வைத்தவரின் ரத்த மாத்திரைகளும் பீட்டா பிளாக்கரும் இந்தப் பட்டியலில் வராது.

கேள்வி: மருத்துவர் பார்ப்பதே சில நிமிடம். இவ்வளவையும் எப்படிக் கேட்பது? மாத்திரை தவிர நாங்கள் செய்யக்கூடியது என்ன? – தம்பதியர், 74, 70 வயது, திருச்சி

வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், வலி மாத்திரை, நாட்டு மருந்து, சத்து மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வெட்டிய அட்டையில் பெயர் போயிருக்கும், முழு அட்டையாகவே கொண்டு போங்கள். எந்த மாத்திரையை எந்த வருடம் எதற்காகத் தொடங்கினார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எதற்கென்று உங்களுக்கே தெரியாத மாத்திரையில் வட்டம் போடுங்கள். வட்டம் போட்டதை மட்டும் முதலில் கேளுங்கள், கிடைத்த நேரம் போதும். இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயரில் ஒரே மருந்தை எழுதியிருப்பது இந்தப் பையில்தான் வெளிப்படும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கு வரும் மாத்திரையும் தனியார் கிளினிக் மாத்திரையும் ஒன்றாக இருப்பது இப்படித் தெரிய வருவதுண்டு.

மாத்திரைக்கு வெளியே எங்கள் முதல் ஆலோசனை கால் தசை. வாரத்துக்கு 150 நிமிடம் நடை, பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில். அதோடு, கைப்பிடியைத் தொடாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. ஐந்து முறையில் தொடங்கி ஒரு தடவைக்குப் பத்தாக, நாளுக்கு இரண்டு தடவை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்பது சமநிலைக்கு. காலை இட்லியோடு சாம்பார் கூடுதலாக, மதியம் பருப்போ மீனோ முட்டையோ, இரவு தயிரோ சுண்டலோ என்று மூன்று வேளையும் புரதம் இருக்கட்டும். தசை கரைவதை நடை மட்டும் தடுக்காது. வருடம் ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள், காய்ச்சலுக்குப் பின்வரும் வாரங்களில் மாரடைப்பு அபாயம் கூடுகிறது.

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் நடக்காமல் உட்காருங்கள், 108-ஐ அழையுங்கள். ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட்டை மருத்துவர் தந்திருந்தால் மட்டும் உட்கார்ந்த நிலையில் நாக்கடியில் வைக்கலாம். நின்றபடி வைத்தால் பி.பி. இறங்கி விழுந்துவிடுவீர்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் 24 மணி நேரத்துக்குள்ளும் டடலாஃபில் 48 மணி நேரத்துக்குள்ளும் சாப்பிட்டிருந்தால் சார்பிட்ரேட்டை வைக்கவே கூடாது, அந்த மாத்திரை சாப்பிட்டதை ஆம்புலன்ஸ்காரரிடமும் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். பெரிய மருத்துவமனை தொலைவில் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் போகலாம். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் அங்கே ஆஸ்பிரின், குளோப்பிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் தவணையைக் கொடுத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள்.